மூன்றாவது ஓலையும் ஒரு பித்தளைக் கண்டென்ஸரும்

"அக்கா, இது என்னக்கா? பழைய டார்ச் லைட்டோட மூடியா?"

போன மாதம் பிரியா இப்படிக் கேட்டு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். தாம்பரத்தில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மிஷன் ஆஸ்பத்திரியின் லேபில் இப்போது அவள்தான் சீனியர். புது மெஷின் வருகிறதாம். அதற்கு இடம் பண்ண பழைய அலமாரியை ஒழித்திருக்கிறார்கள். போட்டோவில் குட்டையாக, கனமாக ஒரு பித்தளைச் சாமான். மேலே சின்ன வட்டக் கண்ணாடி. பார்த்தவுடன் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மருமகள் பயந்துபோனாள்.

எனக்குப் பழைய சாமான்கள்மேல் பாசம் கிடையாது. புது மெஷின் வருவது நல்லதுதான். நாங்கள் நாள் பூராவும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடியதை அது காபி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தப் பித்தளைக்காக மட்டும் நான் பரிந்து பேசுவேன். அது ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றியது. "எழுதிக் குடுங்கக்கா, எங்க ஸ்டூடன்ட்ஸும் படிக்கட்டும்" என்றாள் பிரியா. சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க. எங்கப்பா மீசையையும் சேத்து எழுதுங்க" என்று உத்தரவு கிடைத்தது. அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். குரோம்பேட்டையில் வீடு, மின்சார ரயிலில் ஏறினால் உட்கார இடம் கிடைப்பதற்குள் தாம்பரம் வந்துவிடும். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலம், சிறுநீர், சளி, ரத்தம் எல்லாவற்றையும் காலையில் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மத்தியானம் நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிடக் கற்றுக்கொள்ள வேண்டும். அது வந்துவிட்டால் பாதி டெக்னீஷியன் ஆன மாதிரி. மீதிப் பாதி டாக்டர் எஸ்தரிடம் திட்டு வாங்குவது.

டாக்டர் எஸ்தர்தான் எங்கள் லேபுக்குத் தலைவி. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. மைக்ராஸ்கோப்பில் குனியும்போது கண்ணாடியைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொள்வார். நிமிர்ந்ததும் கண்ணாடியைக் காணோம் என்று மேஜை மேஜையாகத் தேடுவார். தலையில் இருக்கிறது என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் வர ஒரு வருஷம் ஆயிற்று. குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் ஒரு வார்த்தை அவர் காதில் விழக் கூடாது: 'மாதிரி'. "டாக்டர், கிருமி மாதிரி ஒண்ணு தெரியுது" என்று போய் நின்றால், "மாதிரிய அங்கயே வெச்சிட்டு கிருமிய எடுத்துக்கிட்டு வா" என்பார். இப்போதுகூட, நாலு வரிக்கு முன்னால் 'ஆன மாதிரி' என்று எழுதிவிட்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அவருக்கு உயிரான வேலை டார்க் கிரவுண்ட். சாதாரணமாக மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் கீழேயிருந்து நேராக மேலே வரும். வெள்ளைப் பின்னணியில் பொருள் கறுப்பாகவோ, சாயம் ஏற்றியிருந்தால் கலராகவோ தெரியும். உயிரோடு நீந்துகிற மெல்லிய கிருமிகள் அந்த வெள்ளையில் காணாமலே போய்விடும். டார்க் கிரவுண்டில் எல்லாம் தலைகீழ். பின்னணி கும்மிருட்டு, பொருள் மட்டும் மின்னும். பல்லாவரம் தியேட்டரில் ஆபரேட்டர் ரூமிலிருந்து திரைக்குப் போகிற வெளிச்சத்தில் முன் பெஞ்சுக்காரர்களின் பீடிப் புகை சுருள் சுருளாகத் தெரியுமே, அதேதான். வெளிச்சம் நம் கண்ணுக்குள் நேராக வரவில்லை. புகையில் பட்டுத் தெறித்தது மட்டும் வருகிறது.

இதற்கு, ஸ்லைடுக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கிற கண்டென்ஸர், அதை நடுவில் ஓட்டையான ஒரு கூம்பாக அனுப்ப வேண்டும். மேலே இருக்கிற லென்ஸான அப்ஜெக்டிவ் அந்த ஓட்டைக்குள் அடங்கி உட்கார வேண்டும். அப்ஜெக்டிவின் வாய் அதைவிட அகலமாக இருந்தால் நேர் வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூத்துவிடும். சாம்பலில் தடித்த கிருமி தெரியும், மெல்லியது தெரியாது. விஷயம் அவ்வளவுதான். இதற்குமேல் யாராவது உங்களைப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

குளத்துத் தண்ணீர் பார்க்கிற சின்ன லென்ஸ் என்றால் சாதாரணக் கண்டென்ஸருக்குக் கீழே கறுப்புக் காகிதத்தை வட்டமாக வெட்டி ஒட்டினாலே போதும். ஸ்லைடின் மேல் எண்ணெய்த் துளி விட்டு நூறு மடங்கு காட்டுகிற எண்ணெய் லென்ஸுக்கு அந்த வித்தை பலிக்காது. அதற்கு உள்ளே கண்ணாடி வளைத்த தனிக் கண்டென்ஸர் வேண்டும். எங்கள் பித்தளை அதுதான். அதன் தலைக்கும் ஸ்லைடின் அடிப்பக்கத்துக்கும் நடுவிலும் எண்ணெய் வைக்க வேண்டும். மேலே மட்டும் வைத்துவிட்டுக் கீழே மறந்தால் ஒன்றும் தெரியாது. தடித்த ஸ்லைடும் ஆகாது. வெளிச்சம் கூடுகிற புள்ளி கிருமி இருக்கிற இடத்துக்கு எட்டாமல் கண்ணாடிக்குள்ளேயே நின்றுவிடும். புது ஸ்லைடு டப்பா வந்தால் டாக்டர் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்து ஒதுக்குவார், காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்குவது போல.

யார் டார்க் கிரவுண்ட் வைத்தாலும் அறையின் எந்த மூலையிலிருந்தாவது அவர் குரல் வந்துவிடும். "அப்ஜெக்டிவ் எது? கண்டென்ஸர் எது? எண்ணெய் ரெண்டு பக்கமுமா?" பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்பது போல. பதில் சொல்லாமல் குனிந்து பார்க்க முடியாது.

அந்த எண்ணெய் லென்ஸை வாங்கிய கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பாரிஸ் கார்னர் கடை ஒன்றிலிருந்து பத்மநாபன் என்ற விற்பனைப் பிரதிநிதி வருவார். டை கட்டியிருப்பார், பேச்சில் தேன் ஒழுகும். ஒருநாள் வெல்வெட் பெட்டியில் இரண்டு அப்ஜெக்டிவ் கொண்டுவந்தார். ஒன்று, பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அதன் பக்கவாட்டில் 1.32 என்று பொறித்திருந்தது. லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்று சொல்கிற எண் அது. மற்றது சாதாரணம், எண்ணும் சின்னது. ஆனால் அதன் கழுத்தில் ஒரு வளையம் இருந்தது. திருகினால் உள்ளே இருக்கிற ஐரிஸ் சுருங்கி லென்ஸின் வாய் குறுகும்.

"டாக்டர், இந்தப் பெரிசுதான் டாப்பு. இதுக்கு மேல உலகத்துல லென்ஸ் இல்ல."

"டார்க் கிரவுண்டுக்கு இதோட வாயைக் குறைக்கணுமே. உள்ள போடற புனல் கொண்டு வந்திருக்கீங்களா?"

"புனலா?" பத்மநாபன் டையைத் தடவினார். "இவ்வளவு உசத்தியான லென்ஸுக்கு எதுக்கு டாக்டர் புனல்?"

"உசத்தியா இருக்கறதாலதான். இதை நீங்களே வெச்சுக்கோங்க பத்மநாபன். எனக்கு டாப்பு வேண்டாம், இருட்டுதான் வேணும்."

ஆஸ்பத்திரிக் கமிட்டியில் ஒரு பெரியவர் விடவில்லை. பெரிய நம்பரை விட்டுவிட்டுச் சின்ன நம்பரை ஏன் வாங்கினீர்கள் என்று லேபுக்கே வந்துவிட்டார். டாக்டர் வாதம் பண்ணவில்லை. அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, வளையத்தை அவர் கையாலேயே திருகச் சொன்னார். சாம்பல் மெல்ல மெல்லக் கறுத்து, அந்தக் கறுப்பில் திடீரென்று நட்சத்திரமாக ஏதேதோ மின்னியதும் பெரியவர் "அடடே" என்றார். அப்புறம் எங்களை விட்டுவிட்டார். பத்மநாபன் அடுத்த முறை வந்தபோது, அந்த டாப்பு லென்ஸைப் பட்டணத்தில் ஒரு தனியார் லேப் வாங்கிக்கொண்டது என்று பெருமையாகச் சொன்னார். "புனலோடயா?" என்று டாக்டர் கேட்டதற்கு அவர் காலண்டர் கொடுத்துவிட்டுப் போனார். அந்த லேபின் பெயர் நமக்கு வேண்டாம். ஆனால் அந்த லென்ஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமைகளில் பால்வினை நோய்ப் பிரிவு நடக்கும். அன்றைக்குத்தான் டார்க் கிரவுண்டுக்கு முக்கியமான வேலை. சிபிலிஸ் என்கிற மேகநோயின் கிருமி மயிரிழைச் சுருள்; வழக்கமான சாயங்களில் பிடிபடாது. புண்ணிலிருந்து எடுத்த ஈரத்தை உடனே இருட்டில் வைத்துப் பார்த்தால், மெல்லிய நெருக்கமான சுருளாக, திருகாணி போலச் சுழன்றுகொண்டு அவசரமில்லாமல் போகும். ஊரில் இந்த நோய்க்குப் 'பொம்பளைச் சீக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசி ஆண்கள். பெயர் வைத்தது யார் என்று தெரிகிறதல்லவா?

இனி விமலா. எழுபதுகளின் தொடக்கத்தில் லேபில் என்னோடு இருந்தவள், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். ஸ்லைடின்மேல் மெல்லிய கண்ணாடிக் கவர் ஸ்லிப் வைத்து ஓரத்தில் வாஸ்லின் பூசி மூடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஜெயசீலன், சேலையூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஜனவரியில் கல்யாணம். டிசம்பரில் சர்ச்சில் ஓலை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஓலை என்றால் என்ன என்று எனக்கு விமலாதான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், இன்னாரும் இன்னாரும் மணம் முடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் வாசிப்பார். மூன்று முறையும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை என்றால் கல்யாணம். யாராவது எழுந்து பேசிவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். "யாராச்சும் எழுந்திருப்பாங்களா?" என்று கேட்டேன். "சினிமாலதான்" என்று சிரித்தாள்.

இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள் அவள் சிரிக்கவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி?"

"மூணாவது ஓலையில அப்பா எழுந்திருப்பாரு போலக்கா."

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. ஜெயசீலனுக்கு உதட்டில் ஒரு புண். ஆறவில்லை. யாரோ சொன்னார்கள் என்று பட்டணத்து லேப் ஒன்றுக்குப் போயிருக்கிறார். அங்கே வேலை பார்ப்பவர் விமலாவின் சித்தப்பா. புண்ணைச் சுரண்டி டார்க் கிரவுண்டில் வைத்தாராம். சுருள் சுருளாக ஓடியதாம். மேகநோய் என்று முடிவு கட்டி, நோயாளியிடம் சொல்வதற்கு முன்னால் அண்ணனிடம் ஓடி வந்து சொல்லிவிட்டார். அண்ணன், அதாவது விமலாவின் அப்பா ஞானமுத்து, ரயில்வேயில் ஹெட் கிளார்க், சர்ச்சில் கமிட்டி மெம்பர், கத்தரித்த மீசை. மானஸ்தர். கல்யாணத்தை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

"ஜெயசீலன் என்ன சொல்றாரு?"

"பைபிள் மேல கை வெச்சு ஒண்ணுமில்லங்கிறாரு. அப்பா, பூச்சி பொய் சொல்லுமாங்கிறாரு."

எனக்கு எந்த லேப் என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். சொன்னாள். பத்மநாபனின் டாப்பு லென்ஸ் போய்ச் சேர்ந்த அதே லேப். நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார். கோபம் வந்தால்தான் தேடாமலே அது கைக்குக் கிடைக்கும். "நோயாளிகிட்ட சொல்லாம அண்ணன்கிட்ட சொன்னானா?" என்றார் முதலில். பிறகு, "வாய்ப் புண்ணையா டார்க் கிரவுண்ட்ல வெச்சான்?" என்றார். இரண்டாவது கேள்வியில்தான் கோபம் அதிகம் இருந்தது.

புதன்கிழமை ஜெயசீலனே வந்தார். பெஞ்சில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விமலா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஸ்லைடு கழுவுகிற தொட்டிப் பக்கம் போய்விட்டாள். "இந்த ஸ்லைடை நீ தொடக் கூடாது" என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். ஆகவே நான்.

டாக்டர் உதட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு தடம் இருந்தது.

"ஏதாவது ஊதுவீங்களா?"

"கார்னெட், டாக்டர். சர்ச் பேண்டுல. கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ் வருதுன்னு தினம் பிராக்டீஸ்."

"இன்னியிலேருந்து நிறுத்துங்க."

"ஃபர்ஸ்ட் கார்னெட் நான்தான் டாக்டர்!" அவர் முகம் அப்போதுதான் நிஜமாக விழுந்தது. நோய் என்று கேட்டபோதுகூட இவ்வளவு வருத்தப்பட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

டாக்டர் உதட்டுப் புண்ணிலிருந்து எடுக்கவில்லை. தாடைக்குக் கீழே லேசாக வீங்கியிருந்த நெறிக்கட்டியில் ஊசி வைத்து, துளி உப்புநீரைச் செலுத்தி உறிஞ்சினார். அங்கே வாயின் குப்பை போய்ச் சேராது. கிருமி இருந்தால் அது நோயின் கிருமியாகத்தான் இருக்கும். நான் ஸ்லைடு வைத்தேன். கறுப்புத் திரை போட்ட அறை, தகதகவென்று சூடேறிய விளக்கு. முதலில் சின்ன லென்ஸில் ஒளிப்பொட்டை நடுவுக்குக் கொண்டுவந்தேன், பிறகு எண்ணெய், பிறகு ஐரிஸ் வளையம். பின்னணி மை போல இருட்டியது. அதில் செல்கள் மின்னின. சுருள் ஒன்றுகூட இல்லை. ஸ்லைடின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மேய்ந்தேன். எனக்குப் பிறகு டாக்டர் மேய்ந்தார். நடுவில் வோல்டேஜ் இறங்கி விளக்கு மங்கியபோது ரெண்டு பேரும் மின்சார வாரியத்தைக் கரித்துக் கொட்டினோம். ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனையும் நெகட்டிவ்.

"அப்போ நல்ல சேதி" என்றேன்.

"இன்னிக்கு நல்ல சேதி. புது நோயா இருந்தா ரத்தத்துல தெரிய நாளாகும். சில வாரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கணும்" என்றார் டாக்டர். அவரிடம் இனிப்பை முழுசாக வாங்கவே முடியாது.

ஜெயசீலன் தானே கேட்டுக்கொண்டார்: "டாக்டர், எல்லாத்தையும் விமலா அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா எடுபடாது." சனிக்கிழமை ஞானமுத்து குடையோடு வந்தார். மறுநாள் மூன்றாவது ஓலை. ஜெயசீலன் வெளியே பெஞ்சில். உள்ளே டாக்டர், நான், விமலா, ஸ்லைடு கழுவுகிற முனுசாமி.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஞானமுத்து பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "என் தம்பி கண்ணால பாத்திருக்கான் டாக்டர். சுருள் சுருளா ஓடிச்சாம்" என்றார்.

"ஓடியிருக்கும். ஓடலன்னாதான் ஆச்சரியம். வாயில சாதாரணமாவே சுருள் கிருமிங்க உண்டு. பல் ஈறுல குடியிருக்கும். நோய்க் கிருமிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், ஆனா சாது. பெரும்பாலும் தடியா, தளர்ந்த சுருளா இருக்கும். உங்க தம்பியோட லென்ஸ்ல பின்னணி சாம்பலாத்தான் வரும், அதுல தடியானதுதான் தெரிஞ்சிருக்கும். ஆனா சிலது மெல்லிசா அச்சு அசல் நோய்க் கிருமியாட்டமே இருக்கும். எனக்கே வித்தியாசம் தெரியாது. அதனாலதான் வாய்ப் புண்ணை இதுல வெச்சுத் தீர்ப்பு சொல்லக் கூடாது."

"அப்போ எல்லார் வாயிலயும் அது இருக்குன்னு சொல்றீங்களா?"

"ஏறக்குறைய."

"மன்னிக்கணும் டாக்டர். நல்ல குடும்பத்து ஆளுங்க வாயிலயுமா?"

அதுவரை சுவரோடு சுவராக நின்றிருந்த விமலா நகர்ந்தாள். கொதிக்கவைத்த குச்சி ஒன்றை எடுத்தாள். தன் ஈறைச் சுரண்டினாள். ஸ்லைடில் உப்புநீர்த் துளியில் கலந்து, கவர் ஸ்லிப் வைத்து, ஓரத்தில் வாஸ்லின் பூசினாள். நாற்காலியிலிருந்து டாக்டரின் குரல், பழக்க தோஷத்தில், வந்துவிட்டது.

"அப்ஜெக்டிவ் எது?"

"ஐரிஸ் வெச்சது, டாக்டர்."

"கண்டென்ஸர்?"

"பித்தளை."

"எண்ணெய்?"

"ரெண்டு பக்கமும்."

விமலா ஃபோகஸ் செய்துவிட்டு நகர்ந்து நின்றாள். "பாருங்கப்பா. இது என்னோடது."

ஞானமுத்து குனிந்தார். அவருக்கு என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரியும். இருட்டில் வெள்ளிச் சுருள்கள் நெளிந்து, துள்ளி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடிக்கொண்டிருக்கும்.

"எனக்கும் அந்த நோய்ங்கிறீங்களா?" என்றாள் விமலா.

"சீ, என்ன பேச்சு பேசற!"

"அப்ப வாயத் தொறங்க."

ரயில்வே ஹெட் கிளார்க், சர்ச் கமிட்டி மெம்பர், தன் பெண் குச்சியோடு எதிரே நிற்பதைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அவசரமாகத் தன் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். அது அவர் மூக்கிலேயே இருந்தது. ஞானமுத்து வாயைத் திறந்தார்.

அவருடைய ஸ்லைடு பிரமாதமாக வந்தது. இத்தனை வருஷ வேலையில் அவ்வளவு நெருக்கமான கூட்டத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். தடியும் மெல்லிசுமாக எல்லா ரகமும் இருந்தது.

"இது..." என்றார், கண்ணை எடுக்காமல்.

"உங்களோடதுப்பா."

"நான் தினம் பல் தேய்க்கிறேனே!"

"யம்மா, என்னோதையும் பாரும்மா" என்று முனுசாமி தானாக முன்வந்தார். வெற்றிலைக் காவியேறிய பற்கள். பார்த்துவிட்டு, "அடங்கொக்கமக்கா! நம்ம வாயில இம்மா பேரா குடியிருக்கானுங்க? ஒருத்தன்கூட வாடகை குட்த்ததில்லையே!" என்றார். நான் சிரித்தேன். டாக்டர் சிரித்ததை அன்றைக்குத்தான் பல் தெரியப் பார்த்தேன். நானும் எனக்கு ஒன்று வைத்துப் பார்த்தேன். தேடித் தேடி ஒன்றோ இரண்டோதான் கிடைத்தது. எல்லோரும் ஊர்வலம் நடத்தும்போது என் வாய் மட்டும் காலியாக இருந்ததில், உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஞானமுத்து சிரிக்கவில்லை. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரிடம் சொன்னார்: "இதனால மாப்பிள்ளைக்கு நோயே இல்லன்னு ஆயிடாது. உங்க தம்பி பாத்தது சாட்சி இல்லன்னுதான் ஆச்சு. நெறிக்கட்டி சுத்தம். ரத்தம் ஒரு தடவை சுத்தம். இன்னொரு தடவை பாத்துட்டுக் கல்யாணத்த வெச்சுக்கோங்க. ஓலைய நிறுத்த எந்தக் காரணமும் இல்ல."

அவர் குடையை எடுத்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கதவைத் திறந்தால் எதிரே பெஞ்சிலிருந்து ஜெயசீலன், கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி, எழுந்து நின்றார். இரண்டு பேரும் அப்படியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமனார் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் நான் குரோம்பேட்டையிலிருந்து ரயிலேறி சர்ச்சுக்குப் போனேன். விமலா கூப்பிட்டிருந்தாள், கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். பெண்கள் பக்கத்தில் அவளுக்கு அருகே உட்கார்ந்தேன். முன் வரிசையில் ஞானமுத்துவின் முதுகு தெரிந்தது. ராத்திரி முழுக்க வீட்டில் அவர் வாயே திறக்கவில்லையாம். என்ன முடிவு செய்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

போதகர் இரண்டு பெயர்களையும் வாசித்தார். மூன்றாவது முறையாக வாசிக்கிறேன் என்றார். தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போது தெரிவிக்கலாம் என்றார். பிறகு நிறுத்தினார். விமலா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. ஞானமுத்து அசைந்தார். அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்தார், வாய்மேல் வைத்துக்கொண்டார், அப்படியே உட்கார்ந்திருந்தார். போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்மஸ் நாடகத்துக்கு வேஷ்டிகள் தேவைப்படுகின்றன என்ற அடுத்த அறிவிப்புக்குப் போனார். என்ன அழகான அறிவிப்பு அது!

கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு உதட்டில் புண், ஆறட்டும் என்று ஊருக்குச் சொன்னார்கள்; அது பொய்யும் இல்லை. கார்னெட் பெட்டிக்குள் போனதும் புண் ஆறத் தொடங்கிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, லெந்து காலம், வந்துவிட்டால் சர்ச்சில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அப்புறம் ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டும். அதனால் இரண்டாவது ரத்தப் பரிசோதனை நாளை எல்லோரும் விரல் விட்டு எண்ணினோம். ரத்தம் எடுத்தவள் நான். முடிவைப் பார்த்தவர் டாக்டர். "நெகட்டிவ்" என்றார். 'மாதிரி' எதுவும் சேர்க்கவில்லை. விமலா தொட்டிப் பக்கம் போய், கழுவின ஸ்லைடுகளையே மறுபடி கழுவிக்கொண்டு அழுதாள்.

லெந்து தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் கல்யாணம். பேண்டு வாசித்தது, ஃபர்ஸ்ட் கார்னெட் இல்லாமல். பீடத்துக்கு எதிரே நின்ற மாப்பிள்ளையின் விரல்கள் மட்டும் பேன்ட்டின் பக்கவாட்டில் தானாக அமுங்கி எழுந்துகொண்டிருந்தன. பந்தியில் ஞானமுத்து என் பக்கம் வந்து, குனிந்து, மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, இப்ப நான் மூணு வேளை தேய்க்கிறேன். அது போயிருக்குமா?" கொஞ்சம் குறைந்திருக்கும் என்றேன். டாக்டர் எஸ்தரின் லேபில் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

பிரியாவுக்குப் பதில் அனுப்பிவிட்டு, போட்டோவை விமலாவுக்கும் அனுப்பினேன். பெருங்களத்தூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருக்கிறார்கள் இருவரும். உடனே போன் வந்தது. பின்னணியில் கார்னெட் சத்தம். கீழ்வீட்டுக்காரர்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்களோ தெரியவில்லை. இத்தனை வருஷமாக அவளிடம் நான் கேட்காமல் வைத்திருந்த ஒரு கேள்வி இருந்தது. பித்தளையைப் பார்த்த தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"விமலா, அந்த ரெண்டாவது ரத்தம் பாசிட்டிவ்னு வந்திருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

"இது என்ன கேள்விக்கா? டெக்னீஷியன்தானே நீங்களும்?" என்று சிரித்தாள் அவள். "பென்சிலின் போட்டுவிட்டுட்டு, ஈஸ்டர் முடிஞ்சதும் கட்டிக்கிட்டிருப்பேன்."